நடுவில் நிற்கும் குரல்

வெள்ளை மாளிகையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹால் வந்துவிடும். வெளியே உயர்ந்த தூண்கள். உள்ளே மேடையைப் பார்த்தபடி மூன்று பக்கமும் படிப்படியாக ஏறும் சுமார் 3,700 இருக்கைகள். 1929ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த மண்டபத்தைச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் தேடி வருவதில்லை. ஒலியை நம்பிப் பிழைக்கும் வானொலிக்காரியான எனக்கோ, இது பார்த்தே ஆகவேண்டிய இடம்.

காரணம், 1933 ஏப்ரல் 27ஆம் தேதி. அன்று இங்கே கூடியவர்கள் கேட்ட இசைக்குழு மேடையில் இல்லை. பிலடெல்பியா இசைக்குழு, சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் தன் சொந்த ஊரில் வாசித்துக்கொண்டிருந்தது. அங்கே மூன்று மைக்குகள். இடையே மூன்று தனித்தனிக் கம்பித் தடங்கள். இங்கே மேடையில் இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கிகள். குழுவின் புகழ்பெற்ற நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அன்று குழுவோடு இல்லை. நடத்தும் பொறுப்பைத் துணை நடத்துநரிடம் விட்டுவிட்டு, வாஷிங்டனில் ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவியின் முன் உட்கார்ந்திருந்தார். இன்று நம் கலைநிகழ்ச்சிகளில் அரங்கின் பின்புறம் மிக்சரோடு மல்லுக்கட்டுபவருக்கு அவர்தான் முன்னோடி.

எதற்கு மூன்று? இடமும் வலமும் போதாதா? சோதனையை நடத்திய பெல் ஆய்வுக்கூடத்தினர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும் இருந்தால், மேடை நடுவில் இருப்பவரின் ஓசை பின்னுக்குப் போய்விட்டதுபோல் கேட்டது. நடுவில் ஒன்றை வைத்ததும் அந்தப் பள்ளம் நிரம்பியது.

நான் சென்ற மாலை ஓர் இசை நிகழ்ச்சி. எனக்குக் கிடைத்தது பக்கவாட்டு இருக்கை. இந்த மண்டபத்தில் அது குறையே அல்ல, பலர் அப்படித்தான் அமர்ந்திருப்பார்கள். ஆனால், ஒலிப்பொறியாளருக்கு உண்மையான பரீட்சை அந்த இருக்கையில்தான்.

ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் பயணம் செய்யும். ஒரே குரலை இருபுறப் பெட்டிகளிலும் சமமாக விட்டால், நட்டநடுவில் இருப்பவருக்குப் பாடகர் நடுவிலிருந்து பாடுவதுபோல் கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்துப் பெட்டி பத்து மீட்டர் கிட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒலி மற்றதைவிட ஒரு விநாடியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு முந்திவிடும். காது முதலில் வந்ததையே நம்பும். பாடகர் மேடையில் இருப்பார், குரல் சுவரோரத்திலிருந்து வரும். முன்பின்னாக வரும் இரு ஒலிகள் கலக்கும்போது சொற்களின் விளிம்பும் மழுங்கும்.

நம் ஊர் அரங்குகளில் நிகழ்ச்சி தொகுத்து வழங்கும்போது இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இடைவேளையில் ஓர இருக்கைப் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து, “சத்தம் நல்லா கேக்குதும்மா, சொல்லுதான் புரியல” என்றார். பரதநாட்டியத்தில் இந்தக் குறை இன்னும் உறுத்தும். ஆடுபவர் மேடை நடுவில் கண்ணனை அழைக்கிறார்; அழைக்கும் சொல்லோ ஒரு மூலையிலிருந்து வருகிறது. கண்ணும் காதும் இரண்டு திசையில் இழுபட்டால் அபிநயம் எப்படி மனத்தில் இறங்கும்?

நடு ஒலிபெருக்கி இதற்குத்தான். குரலை நடுப்பெட்டிக்கு மட்டும் அனுப்பினால், எந்த இருக்கைக்கும் அது ஒரே இடத்திலிருந்து ஒரே முறை வரும். வயலினையும் மிருதங்கத்தையும் நடுவிலிருந்து இருபுறமும் சற்றே விலக்கி வைத்தால், குரலுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அதற்காக ஒலியளவைக் கூட்டவேண்டியதில்லை. ஆனால், சில நிபந்தனைகள் உண்டு. மூன்று பெட்டிகளில் ஒவ்வொன்றும் எல்லா இருக்கைகளையும் எட்டவேண்டும். இல்லாவிட்டால், முழுக்க இடப்பக்கம் தள்ளிய வயலின் வலப்பக்கத்தாருக்குக் கிடைக்காமலே போகும். நடுப்பெட்டி மிக உயரத்தில் தொங்கினால் பாட்டு கூரையிலிருந்து கொட்டும். மேடை விளிம்பில் சிறு பெட்டிகளை வைத்து அதைக் கீழே இறக்கவேண்டும். மைக்குக்கு நேர் மேலே தொங்கினால் ‘கூ’வென்று ஊளையிடும் ஆபத்தும் இருக்கிறது.

மறுநாள் காலை அந்த மண்டபத்திலிருந்து லிங்கன் நினைவிடத்துக்கு நடந்தேன். இருபது நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலான நடை. அந்தப் பாதைக்கும் ஒரு கதை உண்டு. ஒலிக்கு மூன்று தடம் அமைத்துச் சாதனை காட்டிய அதே மண்டபம், 1939ல் மேரியன் ஆண்டர்சன் என்ற மாபெரும் பாடகிக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர் கறுப்பினத்தவர், வெள்ளையர் மட்டுமே அங்கே மேடையேறலாம் என்பது அன்றைய விதி. அந்த ஆண்டு ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று, அவர் லிங்கன் நினைவிடப் படிக்கட்டில் நின்று பாடினார். திறந்தவெளியில் சுமார் 75,000 பேர் கேட்டார்கள். வானொலி வழியே நாடே கேட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1943ல், அந்த மண்டபமே அவரை அழைத்தது.

படிக்கட்டில் நின்று கீழே விரியும் குளத்தைப் பார்த்தபோது, எத்தனை பெட்டிகள் இருந்தாலும் நடுவில் யாரை நிறுத்துவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள் என்று தோன்றியது.

நம் பள்ளி ஆண்டுவிழாவோ கோயில் நிகழ்ச்சியோ, ஏற்பாடு செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். நடுப்பெட்டி வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம், பரவாயில்லை. ஒலி சரிபார்க்கும்போது, ஒலிப்பொறியாளரை அழைத்துக்கொண்டு கடைசி ஓர இருக்கையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஒரு பிள்ளையை மேடையில் பாடச்சொல்லுங்கள். சொல் புரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். புரிந்தால், உங்கள் பாட்டிக்கும் புரியும்.