முதல் பத்து அடி

தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் கிளினிக் பெஞ்சில் இடம் கிடைக்காது. வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வடலூரில் ஜோதி பார்க்க வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து வந்தவர்கள், அன்னதானத்தில் மூன்று நாள் நின்றபடியே பரிமாறியவர்கள், கூட்டத்துக்குள் கடை போட்டவர்கள். வள்ளலார் 1867-இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு போலத்தான் உங்கள் குதிகாலும், அணையவே மாட்டேன் என்கிறது என்று அவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த வேடிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அந்தக் குதிகால்கள் பெரும்பாலானவற்றில் நெருப்பே இல்லை.

அழல் என்றால் நெருப்பு. அழற்சி அதிலிருந்து வந்த சொல். குதிகாலில் வலித்தால் ‘அழற்சி’ என்று சீட்டில் எழுதி, வலி மாத்திரை கொடுத்து, ஐஸ் வைக்கச் சொல்லி அனுப்புவது எங்கள் தொழிலில் கைப்பழக்கம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

நம் ஊரில் தசைநாண், பிணையம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் நரம்பு. அந்த ‘நரம்பு’ எலும்பில் பதிகிற இடத்தை மருத்துவ நூல்கள் என்தீசிஸ் என்கின்றன. அயர்ன் பாக்ஸ் ஒயர் எங்கே பிய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நடு ஒயரில் அல்ல, பிளக்குக்குள் நுழையும் கழுத்தில். வளைகிற பொருளும் வளையாத பொருளும் சந்திக்கும் இடம் அது. அதனால்தான் அங்கே வரி வரியாக ஒரு ரப்பர் கழுத்துப் பட்டை வைக்கிறார்கள். உடம்பும் அதையே செய்திருக்கிறது. தசைநாண், பிறகு கொஞ்சம் குருத்தெலும்புத் தன்மை, பிறகு சுண்ணாம்பு ஏறிய குருத்தெலும்பு, கடைசியில் எலும்பு என்று படிப்படியாகக் கடினமாகிறது. அந்தக் குருத்துப் பகுதியில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் அங்கே தேய்மானம் வந்தால் சரியாக மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாள் மாத்திரையில் அது முடிகிற கதை அல்ல.

கார்டிஃப் உடற்கூறியலாளர் மைக்கேல் பெஞ்சமின், டென்னிஸ் மக்கோனகல் என்ற மருத்துவரோடு சேர்ந்து இந்த இடத்தை ஓர் உறுப்பு என்றே கருதச் சொன்னார். ஒட்டிய புள்ளி மட்டுமல்ல. பக்கத்துக் கொழுப்புத் திண்டு, நீர்ப்பை, எலும்பின் மேட்டில் உராயும் பரப்பு எல்லாம் சேர்ந்து ஒன்று. இதைப் படித்த பிறகுதான் என் பெரிய தவறு புரிந்தது. குதிகாலின் பின்பக்கம் வலித்தவர்களையெல்லாம் படிக்கட்டு விளிம்பில் நிறுத்தி, குதிகாலைக் கீழே தொங்கவிட்டு நன்றாக இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படித் தொங்கவிடும்போது தசைநாண் குதி எலும்பின் மேட்டோடு அழுந்துகிறது. புண்ணை நானே தினம் இரண்டு வேளை அமுக்கச் சொல்லியிருக்கிறேன்! இப்போது அவர்களுக்குப் படிக்கட்டு கிடையாது. சமதரையில் நின்றுதான் குதிகாலை உயர்த்த வேண்டும். செருப்புக்குள் ஒரு சென்டிமீட்டர் திண்டு வைத்துக்கொள்ளலாம்.

அடிப்பாத வலிக்கு வேறு வழி. 2014-இல் டென்மார்க்கில் ராத்லெஃப் குழு வெளியிட்ட பயிற்சியை நம் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை ஏறி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். அவர்கள் முதுகுப்பையில் புத்தகம் வைத்து எடை கூட்டினார்கள். எங்கள் ஊரில் ரேஷன் அரிசி. குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் தறிக்கார அம்மா ஒருவர் பையில் மூன்று கிலோவில் தொடங்கி எட்டு கிலோ வரை போனார். “வலிக்குதே தம்பி, செய்யலாமா?” என்று கேட்டார். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் மட்டும் ஒரு கிலோவைக் குறையுங்கள் என்றேன். ஓய்வு மட்டுமே எடுத்தால் அந்த இடம் இன்னும் பலவீனமாகும். சுமை கொடுத்தால்தான் அது தேறும், அளவாக.

எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு “எலும்பு வளர்ந்திருக்கு, ஆபரேஷனா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த எலும்பு முள் இருக்கிறது. செங்கல்லைச் சுட்டு எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வைக்கும் வீட்டு வைத்தியத்துக்கு நான் எதிரியில்லை, இதமாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர் செங்கல்லில் கொப்புளம் வாங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சொர்க்கம் காட்டும். அடிப்பாதப் பட்டை அறுந்துபோகவும், குதியின் கொழுப்புத் திண்டு சுருங்கவும் வாய்ப்புண்டு என்பதால் நான் அவசரப்பட்டு யாரையும் அதற்கு அனுப்புவதில்லை.

நெருப்பு உண்மையாகவே இருக்கும் குதிகால்களும் உண்டு. 2006-இல் சிக்குன்குனியா வந்துபோன வீடுகளில் அதைப் பார்த்தோம். இன்னொரு வகையை எனக்குக் காட்டியவன் நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்த ஒரு பையன். வயது 26. இரண்டு குதிகாலிலும் வலி. சேஃப்டி ஷூ கனம், நைட் ஷிப்ட், நாள் முழுக்க நிற்கிறான், வேறென்ன காரணம் வேண்டும்? நான்கு மாதம் திண்டு வைத்தேன், அல்ட்ராசவுண்டு சிகிச்சை கொடுத்தேன். ஒருநாள் கண் சிவந்து வந்தான். கண் மருத்துவர் சீட்டில் ஒரே வரி: இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

கேட்டேன். “விடியக்காலைல இடுப்பு கட்டை மாதிரி இருக்கும் சார். ஒரு மணி நேரம் ஆகும். வேலைக்குப் போய் நடந்தா சரியாயிடும். லீவு நாள்லதான் ரொம்ப வலி.”

“ஏம்பா முன்னாடியே சொல்லல?”

“நீங்க குதிகாலைத்தானே சார் கேட்டீங்க.”

புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினேன். முதுகுத்தண்டு வாதம், எச்எல்ஏ பி27 ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். இந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு 1973-லேயே தெரிந்த விஷயம். அவன் உடம்பே தன் என்தீசிஸ்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஷூ பாவம்.

அன்றிலிருந்து காலைத் தொடுவதற்கு முன்னால் காலை நேரத்தைக் கேட்கிறேன். எழுந்து முதல் பத்து அடிக்கு அப்புறம் என்ன ஆகிறது? பத்து அடியில் வலி விட்டுப்போய், சாயங்காலம் நின்று நின்று திரும்பினால் பெரும்பாலும் தேய்மானம். அரைமணிக்கு மேல் இறுக்கம், பின்னிரவில் வலி எழுப்புவது, நடந்தால் குறைவது, படுத்தால் கூடுவது என்றால் வேறு கேள்விகள் வரும். முட்டியில், தலையில் செதில் செதிலாகத் தோல் உரிகிறதா? கண் எப்போதாவது சிவந்து கூசியதா? வீட்டில் யாருக்காவது கூன் விழுந்ததா? அடுத்து ஒரு விரலால் வலியைக் காட்டச் சொல்வேன். ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையை விரித்து இடுப்பு, முட்டி, குதிகால் என்று தடவினால் பயிற்சித்தாளை எடுக்காமல் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன்.

அந்தப் பையன் இப்போது மாத்திரையில் இருக்கிறான். தினம் முதுகைத் திருப்பி வளைக்கும் பயிற்சி செய்கிறான், மருத்துவரையும் தவறாமல் பார்க்கிறான். இந்த வருடம் தைப்பூசத்துக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து நடந்து வருவதாக வேண்டுதல் என்று வந்து நின்றான்.

“தாராளமா நட. நல்ல செருப்புப் போட்டுக்கோ.”

“வெறுங்கால்னு வேண்டிக்கிட்டேன் சார்.”

பேரம் பேசினோம். நான் கடைசி அரை கிலோமீட்டர் என்றேன். அவன் இரண்டு என்றான். ஒன்றில் முடிந்தது.