நற்செவிலியைத் தெரிந்துகொள்ளல்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்தபின், இளந்தம்பதியர் இருவர் நமது பங்கு இல்லத் திண்ணையில் வந்தமர்ந்தனர். அப்பெண் ஐந்து மாதக் கருவுற்றிருந்தாள்.

"சாமி, பேறுகாலத்திற்குத் தனியாக ஒரு செவிலியரை அமர்த்திக்கொள்ள எண்ணுகிறோம். பெரியவர்கள் தடுக்கிறார்கள். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்" என்றாள்.

நாம் உடனே விடை கூறவில்லை. காரணம் உண்டு. நாம் ஊர் மருத்துவச்சியின் கையில் பிறந்தவர். அழாது நீலம் பாரித்துக் கிடந்த நமக்கு ஆபத்துக்காலத் திருமுழுக்கு அளித்தவரும் அந்த அம்மையாரே. ஐந்தாண்டுகளுக்குப்பின் அதே வீட்டில், அதே கைகளில், நம் அன்னை அடுத்த மகவை ஈன்றார். நஞ்சுக்கொடி வெளிவரவில்லை, உதிரம் நிற்கவில்லை. மாட்டுவண்டி மருத்துவமனையை அடையுமுன் அன்னை கண்மூடினார். அம்மருத்துவச்சிமீது நெடுநாள் மனத்தாங்கல் கொண்டிருந்தோம். அவரிடம் அன்பு குறையவில்லை, மருந்தும் வாகனமுமே இல்லை என்பதைக் குருமடத்தில் பயின்ற நாள்களில்தான் உணர்ந்தோம்.

இதனைத் தம்பதியரிடம் மறைக்காமல் கூறினோம். அப்பெண்ணின் அச்சமும் வீணன்று. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவை வழியே நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளிலோ ஏறத்தாழ 64. நடுவண் அரசும் 2018-இல், தேர்ந்த செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பேறுகாலச் சிறப்புப் பயிற்சி அளிக்க நெறிமுறை வகுத்தது. எனவே செவிலியர் துணையை நாடுவது மருத்துவத்தைப் பகைப்பதாகாது.

ஆயினும் யாரை நாடுவது? கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். முறையான செவிலியர் கல்வியும், தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் பதிவும் உண்டா? இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, சிறுநீர் ஆகியவற்றைத் தவறாது சோதிப்பாரா? கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவுசெய்யத் தூண்டுவாரா? எந்த மருத்துவரோடு இணைந்து பணிபுரிகிறார்? பேற்றுக்குப்பின் உதிரப்போக்கைத் தடுக்கும் ஊசிமருந்து கையிருப்பில் இருக்குமா? அவர் வர இயலாதபோது யார் வருவார்? கட்டணம் எவ்வளவு? எல்லாவற்றிற்கும் மேலாக, எந்நிலையில் "இனி என் கையில் இல்லை, மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்" என்பார்? இரட்டைக் கரு, குறுக்கே கிடக்கும் சிசு, முன்னர் நிகழ்ந்த அறுவை, ஏறிய இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாது, "எதுவும் ஆகாது" என்று உறுதி கூறுபவரை வணங்கி அனுப்பிவிடுங்கள் என்றோம். பேறு மருத்துவமனையிலேயே நிகழட்டும், செவிலியர் அருகிருக்கட்டும் என்றும் வேண்டினோம்.

தேடி ஒருவரைக் கண்டனர். எட்டாம் மாதத்தில் அவரே இரத்த அழுத்தம் ஏறியதைக் கண்டுபிடித்து, அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்தார். எந்தக் கத்திக்கு அஞ்சினாளோ அதுவே நேர்ந்தது. தாயும் சேயும் பிழைத்தனர்.

திருமுழுக்கு நாளில் அப்பெண்ணிடம், "வருத்தம் உண்டா, அம்மா?" என்று வினவினோம். "கொஞ்சம் உண்டு, சாமி. ஆனால் அந்த அக்கா கடைசிவரை என் கையை விடவில்லை" என்றாள். அச்செவிலியர் கோவிலின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

பார்வோனின் ஆணையை மீறிச் சிசுக்களைக் காத்த சிப்ரா, பூவா எனும் மருத்துவப் பெண்களின் பெயர்களை மறைநூல் மறவாது குறித்து வைத்துள்ளது. அத்தகையோர் இன்றும் உளர். இல்லறத்தாரே, அவர்களைத் தேடுங்கள். ஆனால் கேட்டறிந்து தெரிந்துகொள்ளுங்கள். கணவன்மாரே, அக்கேள்விகளை மனைவியின் தலையில் சுமத்தாது நீங்களே முன்சென்று கேளுங்கள். நம் தந்தைக்கு அன்று கேட்பதற்கு வேறொருவர் இல்லை. உங்களுக்கு உண்டு.