லயத்து வாசலில் காணித் தரகர்

போன ஞாயிறு கினிகத்தேனையில் சித்தி வீட்டுக்குப் போனேன். தோட்டத்து வாட்சர் என்னை யார், எந்த வீடு என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார். ஆனால் சித்தி வீட்டு இஸ்தோப்பில் ஹெல்மெட்கூடக் கழற்றாமல் ஒரு காணித் தரகர் நின்றார். வீட்டையும் வாழைமரத்தையும் போனில் படமெடுத்துக்கொண்டே, "7 பேர்ச்சஸ்தானே அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்க, அட்வான்ஸ் தாறேன்" என்றார். நீட்டிய தாளில் பாதி வெறுமை. சித்தி ஈரக்கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தா.

தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் நுழையவே 1970இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. தரகருக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லையா? கேட் சாவியைத் திரும்பத் தோட்டத் துரையிடம் கொடுக்கச் சொல்லவில்லை. நம் விருந்தாளியை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வருகிற தரகர் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் லயத்து ஆட்களிடம் பதியட்டும். வீட்டுக்காரர் கூப்பிடாமல் வாசலேறக் கூடாது. படமெடுக்க அனுமதி கேட்கட்டும்.

பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: நொத்தாரிசும் 2 சாட்சிகளும் இல்லாமல் எழுதும் காணி விற்பனை இந்த நாட்டில் செல்லாது. 1840இலிருந்தே அப்படித்தான் சட்டம். தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்தினுடையது, 1992இலிருந்து கம்பனிகளின் கையில். உறுதியே கிடைக்காதவர்கள் எதை விற்பது?

சித்தி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா. கையெழுத்துப் போடவில்லை.