முதல் 5 பேர் யார்? கம்பத்திலிருந்து பெரியகுளம் வரை ஒரு கோடை விவாதம்

கம்பம் பள்ளத்தாக்கில் சித்திரை என்றாலே வீரபாண்டிதான். கௌமாரியம்மன் கோயில் திருவிழா சித்திரை மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை தொடங்கி 8 நாள் நடக்கும். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கமிருந்து தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாகக் கூட்டம் வந்து இறங்கும். திருவிழா முடிந்து ராட்டினங்களைக் கழற்றி லாரியில் ஏற்றும் நேரத்தில், விளையாட்டுப் பிரியர்களுக்கு அடுத்த திருவிழா ஆரம்பித்துவிடும்.

"பெரியகுளத்துக்கு இந்த வருஷம் எந்தெந்த டீம் வருதாம்?"

ஆண்டுதோறும் மே மாதத்தில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டியைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. பெரியகுளம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் போட்டி இது. பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவு சுழற்கோப்பைக்கான இந்தப் போட்டி 60 முறைக்கு மேல் நடந்துவிட்டது. சென்னையிலிருந்து இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கூடவே ராணுவ அணி, கேரளத்து அணிகள் என்று நாட்டின் முன்னணி அணிகள் ஆடிய ஊர் இது. தொலைக்காட்சியில்கூட அடிக்கடி பார்க்க முடியாத வீரர்களைக் கூப்பிடு தூரத்தில் பார்க்கலாம். மாநகரம் போகாமலே கிடைக்கிற வாய்ப்பு.

ஆட்டத்தைப் போலவே விறுவிறுப்பானது அதற்கு முன்னால் நடக்கும் வாக்குவாதம். வெளியூர் அணி யாரை இறக்கும், யாரை பெஞ்சில் உட்கார வைக்கும் என்பதுதான் தலைப்பு.

கம்பத்தில் பஸ் ஏறினால்...

கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். தேனியிலிருந்து பெரியகுளம் 16 கிலோமீட்டர். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே பன்னீர் திராட்சை கண்ணில் படும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருப்பது இந்தப் பள்ளத்தாக்கின் தனிச்சிறப்பு.

பஸ் உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று போகும். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களும் தென்னந்தோப்புகளும் வழித்துணையாக வரும். தேனியைத் தாண்டி பெரியகுளத்தை நெருங்கினால் திராட்சை போய் மாம்பழம் வந்துவிடும். பக்கத்தில் கொடைக்கானல் மலை, ஊரின் நடுவே வராக நதி. ஆற்றின் இந்தப் பக்கம் தென்கரை, அந்தப் பக்கம் வடகரை. போட்டி நடக்கும் மே மாதம் மாம்பழ சீசனும்கூட. மாலையில் கைப்பை நிறைய மாம்பழத்தை வாங்கிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போகலாம்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

மாம்பழ ஊருக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அவர் வளையமாக மாட்டியது பீச் பழக்கூடைகளை. கூடைப்பந்து என்ற பெயருக்குக் காரணமே அதுதான்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருப்பது அந்தக் கல்லூரிதான். அங்கே பயின்றவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களாக ஊர் ஊராகப் போனார்கள். கிராமத்துப் பள்ளிகளில் இன்றும் 'பி.டி. வாத்தியார்' என்று அழைக்கப்படுபவர்கள்தான் இந்த மாதிரி விளையாட்டுகளைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

இறக்குவாங்களா, உட்கார வைப்பாங்களா?

கூடைப்பந்தில் ஒரு அணிக்கு 12 பேர். களத்தில் ஒரே நேரத்தில் 5 பேர். ஆட்டம் 10 நிமிடம் வீதம் 4 பகுதி. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆனால், 5 ஃபவுல் வாங்கிய வீரர் திரும்ப வர முடியாது. வாக்குவாதத்துக்கு இந்த விதிகளே தாராளமாகப் போதும். டீக்கடையில் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அண்ணே, அந்த உயரமான ஆளு வந்திருக்காராம்ல. முதல்லயே இறக்கிடுவாங்க, பாருங்க."

"இறக்க மாட்டாங்க தம்பி. இந்தப் புழுக்கத்துல ஆரம்ப மேட்ச்லயே ஆளை ஓட விட்டா, ஃபைனல் வரைக்கும் முட்டி தாங்குமா?"

"அப்ப எதுக்குண்ணே கூட்டிட்டு வர்றாங்க?"

"கடைசி 5 நிமிஷத்துக்கு."

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கோடை என்பது கூடைப்பந்து அணிகளுக்குச் சுற்றுப்பயணக் காலம். பெரியகுளம்போலவே கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை, கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று பெயர்பெற்ற போட்டிகள் இருக்கின்றன. இரண்டு மூன்று ஊர்களில் அடுத்தடுத்து ஆட வேண்டிய அணியின் பயிற்சியாளர், இன்றைய வெற்றியை மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த ஊருக்கும் கால் மிச்சம் இருக்க வேண்டும்.

தம்பி சொல்வதையும் தள்ளிவிட முடியாது. வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான ஒருவர் வளையத்துக்குக் கீழே நின்றாலே எதிரணி உள்ளே வரத் தயங்கும். ஆரம்பத்திலேயே 10, 12 புள்ளி முன்னிலை எடுத்துவிட்டால், பிறகு அவருக்கு ஓய்வு கொடுத்துக்கொள்ளலாமே என்பது அவர் கணக்கு. இதற்கும் பதில் ரெடியாக இருக்கும்: "அவரு முதல் பகுதியிலயே 3 ஃபவுல் வாங்கிட்டா?"

இன்னொரு சண்டை சொந்த ஊர் அணியைப் பற்றியது. பெரிய அணியோடு மோதும்போது, வெளியூரிலிருந்து அனுபவசாலிகளைச் சேர்த்துக்கொள்வதா, இங்கேயே வளர்ந்த பையன்களை நம்புவதா? முதல் வழியில் தோல்வியின் அளவு குறையும். இரண்டாவது வழியில் உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு, இந்திய அணியில் ஆடியவரைத் தடுத்து நிறுத்திப் பார்க்கும் அனுபவம் கிடைக்கும். 30 புள்ளி வித்தியாசத்தில் தோற்றாலும் பரவாயில்லை, நம்ம பையன் ஆடட்டும் என்பவர்கள் ஒரு பக்கம். ஊர் பெயரைக் கெடுக்காதீங்கப்பா என்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த வழக்கு எந்த ஊரிலும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

சிட்னியிலும் இதே சண்டை

இது நம் ஊர்க்காரர்களின் குணம் மட்டும் இல்லை. ரக்பி விளையாட்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து 'லயன்ஸ்' என்ற ஒரே அணி 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போகும். 4 நாட்டு ரசிகர்கள், ஆனால் இடம் 15 பேருக்குத்தான். சண்டைக்குக் கேட்கவா வேண்டும்?

2013-ல் ஆஸ்திரேலியாவில் தொடர் 1-1 என்று சமநிலையில் நின்றது. சிட்னியில் கடைசி ஆட்டம். அயர்லாந்தின் பிரையன் ஓ'டிரிஸ்கால், 4-வது முறையாக லயன்ஸ் அணியுடன் வந்திருந்தவர். பயிற்சியாளர் வாரன் கேட்லேண்ட் அவரை அணியிலிருந்தே நீக்கினார். மாற்று வீரர் பட்டியலிலும் பெயர் இல்லை. கேட்லேண்ட் வேல்ஸ் அணியின் பயிற்சியாளர் என்பதும், முதல் 15 பேரில் 10 பேர் வேல்ஸ்காரர்கள் என்பதும் சேர்ந்துகொள்ள, அயர்லாந்தே கொதித்தது. லயன்ஸ் 41-16 என்று ஜெயித்தது. ஜெயித்த பிறகும் வாதம் ஓயவில்லை.

சென்னைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்து அணி சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடியது. பாலி உம்ரிகர் முதலில் தேர்வான பட்டியலில் இல்லை. ஹேமு அதிகாரிக்குக் காயம் ஏற்பட, கடைசி நேரத்தில் உள்ளே வந்தார். ஆட்டமிழக்காமல் 130 ரன் எடுத்தார். இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவின் முதல் வெற்றி அதுதான். தேர்வாளர்கள் வெளியே வைத்த ஒருவர் இல்லாமல் அந்த வெற்றி இப்படி அமைந்திருக்குமா?

12-வது பெயர்

ரசிகர்கள் சண்டை போடுவது முதல் 5 பேருக்காக. வீரர்களின் வீடுகளில் மனசு அடித்துக்கொள்வது 12-வது பெயருக்காக.

காரணம் வேலை. பெரியகுளத்துக்கு வரும் அணிகளின் பெயர்களைப் பாருங்கள். வங்கி, ராணுவம், போலீஸ், மின்வாரியம். சட்டையில் எழுதியிருப்பது அணியின் பெயர் மட்டும் இல்லை, அந்த வீரருக்குச் சம்பளம் தரும் இடமும் அதுதான். திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற வீட்டுப் பையன் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பது, பந்தோடு சேர்த்து ஒரு நிரந்தர வேலையையும்தான்.

மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காகவோ, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காகவோ, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்காகவோ ஆடியிருக்க வேண்டும். தமிழ்நாடு அரசும் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு வைத்திருக்கிறது.

இங்கேதான் 12 என்ற எண் கனமாகிறது. மாநில அணிக்கு 12 பேர் என்றால், 12-வது ஆளுக்கு மாநிலப் பிரதிநிதி என்ற சான்றிதழ் கையில் இருக்கும். 13-வது ஆளுக்கு எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் திறமையில் மயிரிழை வித்தியாசம்தான் இருக்கும். தேர்வு நாளில் ஒருவனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். ஒருவன் முந்தைய இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கலாம். கம்பம், கூடலூர் போன்ற மாநிலத்தின் ஓரத்து ஊர்களிலிருந்து சென்னை போகிற பிள்ளைகளுக்கு இது கற்பனைக் கதை இல்லை.

கிளப் நடத்தும் போட்டியில் ஆடிய சான்றிதழை மட்டும் வைத்து அந்த ஒதுக்கீட்டில் நிற்க முடியாது. அப்படியானால் பெரியகுளம் எதற்கு? பல துறை அணிகளின் பயிற்சியாளர்கள் ஒரே ஊரில் கூடும் நாட்கள் இவை. அவர்கள் கண்முன்னே நல்ல அணிக்கு எதிராக 8 நிமிடம் ஆடுவது, எங்கோ ஒரு தேர்வு முகாமில் நூறு பேரில் ஒருவனாக நிற்பதைவிட மேல். "ஊர்ப் பையனை இறக்குங்கப்பா" என்று கேலரியில் கத்துகிறவரின் பேச்சில் இந்த அர்த்தமும் இருக்கிறது. அந்த 8 நிமிடத்துக்காகத்தான் அவர் தோல்வியைக்கூட ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு

போட்டி பெரும்பாலும் மே மாத நடுவில் நடக்கும். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஆட்டங்கள் மின்னொளியில் நடப்பதால் பகல் முழுக்க ஊர் சுற்றலாம். 10 கிலோமீட்டருக்குள் கும்பக்கரை அருவி இருக்கிறது. மலையில் மழை பெய்து வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். சோத்துப்பாறை அணையும் பக்கத்தில்தான். வராக நதிக்கரையில் பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது.

ரயிலிலும் வரலாம். அகலப்பாதைப் பணிக்காக நின்றிருந்த மதுரை-தேனி ரயில் 2022 மே மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் பாதை போடி வரை நீண்டது. சென்னையிலிருந்து போடிக்கு வரும் ரயிலில் ஏறினால் தேனியில் இறங்கி, பெரியகுளத்துக்கு பஸ் பிடிக்கலாம்.

வீட்டில் உயரமாக வளரும் பையனோ பெண்ணோ இருந்தால் கூட்டிப் போங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7-ம் வகுப்பிலிருந்தே மாணவர்களைச் சேர்க்கிறார்கள். அதைப் பற்றி உங்கள் பள்ளி பி.டி. வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுவது உத்தமம். வீரர்கள் வார்ம்-அப் செய்வதைப் பார்த்துவிட்டு, முதல் 5 பேர் யார் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவரிடம் ஒரு பட்டியல் இருக்கும். அவருக்குப் பின்னால் இருப்பவரிடம் வேறொன்று இருக்கும்.