பாலம் குனியாது தம்பி!

"புதுக்கோட்டைக்குப் போறேன்" என்றதும் மாமா, "தொண்டைமான் அரண்மனையைப் பார்க்காம வந்துடாதே" என்றார். அது வேறு புதுக்கோட்டை சார்! நான் போனது தூத்துக்குடியிலிருந்து நெல்லை போகிற நாலுவழிச் சாலையில், சுமார் பதினைந்து கிலோமீட்டரில் வருகிற புதுக்கோட்டை. இங்கே அரண்மனை கிடையாது. டீக்கடை உண்டு. வாசலில் யானைகளுக்குப் பதில் லாரிகள் நிற்கும்.

ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை என்றால் முத்து. அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு ஓய்ந்தது. 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமானது. இப்போது முத்துக்குப் பதில் கன்டெய்னர்.

டீ ஆறுவதற்குள் ஒரு டிரைவர் அண்ணாச்சியோடு பழக்கமாகிவிட்டேன். ஐம்பது வயசிருக்கும். கேபினில் திருச்செந்தூர் முருகன் படம். அதற்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது ஓர் அளவு டேப்.

"என்ன அண்ணாச்சி, தச்சு வேலையும் உண்டா?"

"பாலம் நமக்காகக் குனியாது தம்பி. நாமதான் அளந்துக்கிடணும்" என்றவர், என் கையிலிருந்த பேப்பரிலேயே கணக்குப் போட்டார். நான் பி.காம். ஆனாலும் கவனமாகக் கேட்டேன்.

டிரெய்லர் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய அஞ்சடி. உயரமான ரகக் கன்டெய்னர் ஒன்பதரை அடி. கூட்டினால் பதினாலரை, அதாவது சுமார் 4.4 மீட்டர். 2020-ல் திருத்திய விதி கன்டெய்னர் வண்டிக்கு 4.52 மீட்டர் வரை அனுமதிக்கிறது. ஆனால் கிராமத்து ரயில்வே பாலத்துக்கு அந்த விதியெல்லாம் தெரியாதே! அதற்கு முன்னால் கறுப்பு மஞ்சள் பூசிய இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். வண்டி முதலில் அதில் இடிக்கட்டும், பாலம் பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

"போர்டுல போட்டிருப்பாங்களே அண்ணாச்சி?"

"போட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் ரெண்டு தடவை ரோடு போட்டிருப்பாங்க. ரோடு ஒசரும், போர்டு ஒசருமா?"

இன்னொரு சூட்சுமமும் சொன்னார். லோடோடு நுழைந்த பாலத்தில், திரும்பும்போது காலி வண்டி மாட்டிக்கொள்ளுமாம். பாரம் இறங்கியதும் ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்துகொண்டு, வண்டி சில அங்குலம் வளர்ந்துவிடும். மாட்டினால் டயரில் காற்றை இறக்கி மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டியதுதான். பின்னால் நிற்கிற பஸ்காரர் நம் பரம்பரையையே விசாரிப்பார்!

என் செல்போனைக் காட்டி, "இது வழி சொல்லாதா?" என்றேன்.

"சொல்லும். அது சொல்லுத வழி காருக்கு."

எண்பது மீட்டரைத் தாண்டிய காற்றாலை இறகுகளைக்கூட இந்தத் துறைமுகம் கையாண்டிருக்கிறது. அவற்றுக்கு உயரத்தைவிட வளைவுதான் வில்லன். நமக்குக் கட்டிலை மாடிப்படியில் திருப்புவதே பிரம்மப் பிரயத்தனம்!

பேச்சு மழைக்குப் போனதும் அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. நாகர்கோவில் பக்கமிருந்து லோடு. கூடவே பத்தொன்பது வயசு கிளீனர் பையன். ராத்திரி புதுக்கோட்டை வந்தபோது மழை கொட்டவில்லை, கவிழ்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். முதலாளி போனில் பிடித்துக்கொண்டார். 'இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர்தானவே, கப்பல் போயிரும், ஓட்டும்!'

"பையன்கூட, 'மெதுவாப் போயிரலாம் அண்ணாச்சி'ன்னான். ரோட்டு மேல முழங்கால் தண்ணி ஓடுது. வண்டி அதுல நிக்கும், எனக்குத் தெரியும். ஆனா தண்ணிக்கு அடியில ரோடு இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

வண்டியை ஓரம் கட்டிவிட்டார். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடிக்கு முன்னால் அந்தோணியார்புரத்தில் நெடுஞ்சாலையையே வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது. நாலு நாள் இங்கேயே கிடை. ஊர்க்காரர்கள் சோறு கொடுத்திருக்கிறார்கள்.

"ரோடே போச்சுன்னதும் முதலாளி என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவாரு? கப்பல் போச்சுன்னு ரெண்டாயிரம் பேட்டாவுல புடிச்சாரு."

"சண்டை போடலையா?"

"அந்தப் பையன் இப்ப சொந்தமா வண்டி ஓட்டுதான் தம்பி. போன மாசம் கல்யாணப் பத்திரிகை வச்சான். ரெண்டாயிரம் பெரிய காசா?"

எனக்கு டீ தொண்டையில் நின்றது. ஆபீசில் மேனேஜர் அவசரப்படுத்தியதற்காக எத்தனை தடவை, அடியில் ரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் 'எஸ் சார்' போட்டிருக்கிறேன்!

கிளம்பும்போது செல்போன், 'தூத்துக்குடி 22 நிமிடம்' என்றது. அண்ணாச்சி வல்லநாட்டுப் பக்கம் கறுத்து நின்ற வானத்தை ஒரு தடவை பார்த்தார்.

"மாஸ்டர், இன்னொரு டீ."

"ரெண்டாப் போடுங்க" என்றேன் நான்.