கலமே மனையாக

சேலத்து அம்மாபேட்டைக்கும் கடலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கிழக்கே கடலூர்க் கரையை அடைய ஏறக்குறைய 200 கிலோமீட்டர் செல்லுதல் வேண்டும். எங்கள் தெருமுனையில் நின்று நோக்குவார்க்குச் சேர்வராயன் மலை தோன்றும். குமரகிரிக் குன்று தோன்றும். நீர்ப்பரப்பென்று சொல்லத்தக்கது குமரகிரி ஏரி ஒன்றே. யான் இதுகாறும் செய்த நீர்ச்செலவு முழுவதையும் ஒரே வரியிற் கூறி முடிக்கலாம்: பூலாம்பட்டித் துறையில் விசைப்படகேறிக் காவிரியைக் கடந்து, அக்கரையிலுள்ள நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கினேன். அவ்வளவே. இத்தகையான் ஒருவன், மரக்கலத்தையே மனையாகக் கொண்டு தீவுதோறும் சென்று வாழ்வாரைப்பற்றி எழுதப் புகுவது நண்பர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் ஈராண்டுகளாக என் உள்ளத்தை விட்டு அகலாத பொருள் இஃதாதலின், மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது வேறொன்றை எழுத மனம் இசையவில்லை.

அவ்வாறு வாழ்வோர் இன்று உலகிற் பலர். கணவனும் மனைவியுமாக, சிற்சிலர் மக்களையும் உடன்கொண்டு, 35 அல்லது 40 அடி நீளமுள்ள பாய்க்கலம் ஒன்றில் ஆண்டுக்கணக்காக உறைகின்றனர். அட்லாண்டிக் பெருங்கடலினின்று பனாமாக் கால்வாயைக் கடந்து, காலாபகசுத் தீவுகளைத் தொட்டு, அங்கிருந்து மார்க்கேசசுத் தீவுகளை நோக்கிப் பாய் விரிப்பது அவர்தம் பெருவழி. இடையிலுள்ள தொலைவு ஏறக்குறைய 3,000 கடல் மைல். தென்கிழக்கு வாணிகக் காற்று பின்னின்று தள்ள, மூன்று நான்கு வாரங்கள் கரையே காணாது செல்வர். பின்னர்த் தாகித்தி, தொங்கா, பிஜி எனத் தீவு தீவாக இறங்கி, நவம்பர் முதல் ஏப்ரல் வரை அக்கடலிற் சூறாவளி எழும் பருவமாதலின், நியூசிலாந்து போன்ற இடங்களில் ஒதுங்கி நிற்பர். நாட்காட்டி அவர்க்கு இரண்டாவதே. காற்று எப்போது திரும்புமென்பதே அவர்தம் ஆண்டுக்கணக்கு.

இவ்வாழ்க்கையைப்பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு வியப்புத் தோன்றவில்லை. பழகிய இடத்திற்கு வந்தாற்போன்ற உணர்ச்சியே தோன்றியது. காரணம் எங்கள் வீடு. முன்னறையிற் பாதியைக் குழித்தறி கொண்டுள்ளது. மீதியில் ஐவர் உறைகின்றோம். எப்பொருளும் தனக்குரிய இடத்தில் இருத்தல் வேண்டும். நாடா ஓரிடம், ஊடைக் கண்டுகள் ஓரிடம், புத்தகம் ஓரிடம். ஒன்று இடம் மாறின் மற்றெல்லாம் இடம் மாறும். ஒருவர் எழுந்தால் மற்றொருவர் ஒதுங்குவர். குடிநீரைக் குடத்தளவில் எண்ணிச் செலவிடுவோம். கலத்தில் உறைவோரும் அங்ஙனமே எண்ணுகின்றனர். மழை பெய்யுங்கால் பாய்த்துணியால் நீரேந்திச் சேர்க்கின்றனர். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்யின், தறிக்குழியில் நிலத்தடி நீர் ஊறும். மிதி நனையும், பாவு ஈரமேற்று இழை அறும், தொழில் நிற்கும். யான் பள்ளி செல்லுமுன் அந்நீரைச் செம்பால் முகந்து வாளியில் ஊற்றி வெளியே கொட்டுவேன். மாலையில் திரும்புகையில் அது மீண்டும் ஊறியிருக்கும். மரக்கலத்தின் அடிவயிற்றில் இரவெல்லாம் ஊறும் நீரை விடியலில் இறைத்தல் மாலுமியின் முதற்கடன் என்று படித்தபோது, கடலைக் காணாமலே அத்தொழிலை யான் கற்றுவிட்டேன் என்று எண்ணி நகைத்தேன்.

இன்னொன்றும் ஈண்டுக் கூறுதல் தகும். இரவில் விரித்துப் படுப்பதும் பாய். காற்றை ஏற்றுக் கலத்தை ஓட்டுவதும் பாய். ஒரே சொல். பசிபிக் தீவினர் முற்காலத்தில் தாழையோலையைப் பாயாக முடைந்தே மரத்தில் ஏற்றிப் பெருங்கடல் கடந்தனர். நம் சொல்லும் அத்தகைய பழமையைத் தன்னகத்தே கொண்டிருக்குமென்று கருதுதற்கு எனக்கு ஆசையுண்டு. ஆசையைச் சான்றாகக் கொள்ளலாகாதென்பதும் அறிவேன். கட்டுமரம் என்னும் சொல்லின் செய்தியோ ஐயத்திற்கு இடமற்றது. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையிற் கேட்ட இச்சொல்லைப் பதிந்தார். இன்று தீவுகளிற் சுற்றும் செல்வர் பலர் விரும்பும் இரட்டையுடற் கலத்திற்கு அதுவே பெயர். எனினும் நம் பரதவரின் கட்டுமரம் சில மரங்களைக் கயிற்றாற் பிணித்தது. அதில் மீன்பிடிக்கச் செல்லலாம், குடியிருக்க இயலாது. இரண்டு உடல்களைக் குறுக்குமரத்தால் இணைக்கும் அமைப்புத் தீவினருடையது. பெயர் நம்முடையது, பொருள் அவர்களுடையது, இரண்டையும் விலைகொடுத்து வாங்குவோர் வேறொருவர்.

இவையனைத்தையும் ஒருநாள் இரவு தறியருகே அமர்ந்து தந்தையார்க்கு எடுத்துரைத்தேன். அவர் வெண்பட்டு வேட்டி நெய்பவர். கேட்டுக்கொண்டே நாடாவைச் செலுத்தினார். முடிவில், "எல்லாஞ் சரி கண்ணு, கூலி யார் தருவார்?" என்றார்.

வினா எளியதாகத் தோன்றினும் என்னை விடவில்லை. அதன் பின்னரே யான் படித்தவற்றை மீண்டும் எடுத்து வேறு கண்ணாற் படிக்கத் தொடங்கினேன். 1895 முதல் 1898 வரை தன்னந்தனியே உலகைச் சுற்றிவந்த ஜோசுவா சுலோக்கம், தாமே புதுக்கிய சிறு கலத்திற் சென்றார். வழியிற் பல துறைகளிற் சொற்பொழிவாற்றி நுழைவுக்கட்டணம் பெற்றார். அவருடைய கணக்குத் தந்தையார்க்குப் பிடித்திருந்தது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் என்னும் அமெரிக்கரின் கணக்கே எனக்குத் தீரவில்லை. அவர் 1928இல் 'சுவாப்' என்னும் 32 அடிக் கலத்தில் நியூயார்க்கினின்று புறப்பட்டு, 1931இல் உலகைச் சுற்றி மீண்டார். கலத்தின் பெயர் வடசொல். உறக்கம், கனவு எனப் பொருள்படுவது. தாகித்தியில் எத்தேரா என்னும் தீவினர் ஒருவர் அவருடன் சேர்ந்து பெருவழி முழுதும் பாய் இழுத்தார். நூல் எழுதியவர் ராபின்ஸன். பின்னர் 1934இல் காலாபகசுத் தீவில் ராபின்ஸன் குடல்வால் நோயுற்று உயிர் துறக்கும் நிலையை அடைந்தபோது, பனாமாவினின்று விமானத்தில் மருத்துவர் வந்து காத்தனர். எத்தேரா நோயுற்றிருப்பின் விமானம் வந்திருக்குமோ என்று தந்தையார் கேட்டார். யான் விடை கூறவில்லை.

இந்த ராபின்ஸனே தமிழர் கலமொன்றையும் விலைக்குப் பெற்றவர். யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டுதலிலும் ஓட்டுதலிலும் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்க் கப்பல்கள் தமிழ்நாட்டுத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிகஞ் செய்தன. 1930இல் அங்கே வேப்பமரத்தாற் கட்டப்பட்டது 'அன்னபூரணி', நீளம் 89 அடி, பாய்மரம் இரண்டு. கட்டியவர்கள் கல்லூரியிற் பயின்ற பொறியாளர் அல்லர். தச்சுத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட மேத்திரிமார். ராபின்ஸன் அதன் வடிவழகிலும் உறுதியிலும் மனம் பறிகொடுத்து அதனை வாங்கித் தம் மனைவியாரின் பெயரை அதற்கு இட்டார். உணவை நிறைவாக அளிப்பவள் என்னும் பொருளுடைய பெயர் நீங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்ஸன்' ஆயிற்று. 1937இல் கொழும்பினின்று புறப்பட்ட அக்கலம் செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா எனச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர்த் துறையை அடைந்தது. அதனைச் செலுத்தியோருள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் இருந்தனர். தண்டையல் ஒருவரும் இருந்தார்.

அவர்களும் ஓராண்டுக்கு மேலாகக் கலத்தில் உண்டு கலத்தில் உறங்கினர். அவர்களும் முன்பின் அறியாத துறைகளில் விடிந்தெழுந்தனர். முன்னிரவில் விண்மீன் நோக்கி வழி கண்டனர். ஆயின் அதனைக் கலத்தில் வாழ்தல் என்று எவரும் சொல்வதில்லை. வேலைக்குப் போயினர் என்றே சொல்வர். உடையவன் செய்யின் வாழ்க்கை, கூலிக்குச் செய்யின் பிழைப்பு! தந்தையாரின் வினாவிற்குள் இருந்த முள் இதுவே என்று அறிந்தேன். அவர் நெய்யும் வேட்டியும் அத்தகையதே. அணிவோன் பெயரால் மணவிழாவிற் பேசப்படும். நெய்தவன் பெயர் கூலிப் புத்தகத்தில் மட்டும் இருக்கும்.

ராபின்ஸனை யான் பழிக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அவர் 'வருவா' என்னும் கலமேறித் தாகித்தியை அடைந்து அங்கேயே வாழ்ந்தார். அத்தீவினரை வருத்திய யானைக்கால் நோயை ஒழிக்க நடந்த ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். அன்னபூரணியின் அருமையைக் கண்டுகொண்டவரும் அவரே. என் மனக்குறை வேறு. தமிழ்ச் சிறப்புப்பாடம் பயிலும் யான் கலம், வங்கம், நாவாய், திமில், அம்பி, ஓடம் என்னும் பெயர்களை நிகண்டு ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பேன். தேர்வில் அவற்றிற்கு மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் வங்கத்தில் ஏறியவன் எதனை உண்டான், அலை மிக்க இரவில் எங்கே படுத்தான், எக்காற்றை எப்பெயரால் அழைத்தான் என்று எவரேனும் வினவின் வாய்மூடி நிற்பேன். ராபின்ஸனுடைய கலத்திற் சமையலறை எப்பக்கம் இருந்ததென்பது எனக்குத் தெரியும். அன்னபூரணியில் அடுப்பு எங்கிருந்ததென்பது தெரியாது.

இந்நாளில் நிலை சிறிது மாறியுள்ளது. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் 56 அடிப் பாய்க்கலத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும், 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவினின்று புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29இல் மீண்டனர். அதற்குமுன் இருவருமே அக்கலத்தை மொரீசியசுத் தீவிற்கும் செலுத்திப் பழகியிருந்தனர். எட்டுத் திங்கள் இருவரே. ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருப்பர். கிழிந்த பாயைத் தைப்பதும், பழுதான பொறியைச் செப்பனிடுவதும், சமைப்பதும் அவர்களே. நிலத்தினின்று மிகத் தொலைவாகிய நீமோ முனையைக் கடந்தபோது, அவர்க்கு அண்மையில் இருந்த மனிதர் விண்வெளி நிலையத்தில் மிதப்போரே என்பர். இதனைத் தந்தையார்க்குக் கூறியபோது, "அவர்களுக்குச் சம்பளம் உண்டல்லவா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "பெயரும் வந்ததா?" என்றார். வந்தது என்றேன். நாடா சிறிதுநேரம் நின்றது. பிறகு, அப்பாய் எந்த நூலால் நெய்தது என்று வினவினார். பருத்தி போய்ச் செயற்கையிழை வந்து பல்லாண்டுகள் ஆயின என்றேன்; அச்செய்தி அவர்க்குச் சுவைக்கவில்லை.

ஆகவே என் ஆசை இப்போது தாகித்தியை நோக்கி நிற்கவில்லை. நாகப்பட்டினத்தினின்று காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில், ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளிக்குப்பின், பயணிகள் கப்பல் விடப்பட்டது. நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. காங்கேசன்துறைக்குக் கிழக்கே சிறிது தொலைவிலேயே வல்வெட்டித்துறை. பாய்க்கப்பலில் உழைத்தாரை நேரிற் கண்ட முதியோர் அங்கே இன்னும் சிலரேனும் இருத்தல் கூடும். அவர்தம் பாட்டன்மார் சொன்ன காற்றின் பெயர்களும், கயிற்றின் பெயர்களும், அடுப்பின் இடமும் அவர்கள் நினைவில் தங்கியிருத்தல் கூடும். ஆண்டு செல்லச் செல்ல அவர்கள் குறைவர். எனவே இறுதியாண்டு ஆய்வேட்டிற்கு அதனையே பொருளாகக் கொள்ள எண்ணி, ஆசிரியரிடம் கூறியுள்ளேன், அவர் மறுக்கவில்லை. கடவுச்சீட்டிற்கு விண்ணப்பித்துவிட்டேன். கப்பற் கட்டணத்தைத் தந்தையாரிடம் கேட்டேன். தறியிலுள்ள வேட்டி இறங்கட்டும் என்றார். இன்னும் ஒன்றரை முழம் நெய்ய வேண்டியுள்ளது, மழையும் தொடங்கிவிட்டது. இன்று காலை தறிக்குழியினின்று ஐந்து வாளி நீர் இறைத்தேன்.