நாற்பது பெஞ்சுகள்

தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நான் செய்த ஒரு காரியம், ஓய்வு பெற்ற பின்னரே என்னை உறுத்தத் தொடங்கியது. ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது, ஆளும் கட்சியின் பொதுக்கூட்டத்திற்கு எங்கள் அரசு உதவிபெறும் பள்ளியிலிருந்து நாற்பது பெஞ்சுகளைக் கொடுத்தேன். மேடைக்கான மின்சாரமும் பள்ளியின் இணைப்பிலிருந்தே போயிற்று. கேட்டு வந்தவர் மிரட்டவில்லை, இனிமையாகவே பேசினார். ஆனால் எங்கள் பள்ளியின் இரண்டு ஆசிரியர் நியமனங்கள் அப்போது அரசின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன. அதை அவரும் அறிவார்; நானும் அறிவேன். இருவருமே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுவாரம் எதிர்க்கட்சியின் சார்பில் ஓர் இளைஞன் அதே நாற்பது பெஞ்சுகளைக் கேட்டு வந்தான். என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்தவன். "பள்ளிக்கூடத்துச் சாமான், தம்பி. கட்சிக் கூட்டத்துக்குக் கொடுக்கக் கூடாது" என்றேன். நான் சொன்னது பொய்யன்று. அவனுக்கு மட்டும் சொன்னேன் என்பதே குற்றம். கோயில் ஒலிபெருக்கியை அந்த முதல் மனிதர் கேட்டிருந்தால், வழிபாட்டிடத்தைப் பிரசாரத்திற்குத் தர முடியாது என்று உடனே மறுத்திருப்பேன். பள்ளி விஷயத்தில் அந்தத் துணிவு எனக்கு வரவில்லை.

"பெஞ்சுதானே" என்று என்னை நானே தேற்றிக்கொள்ளும்போதெல்லாம் 1975 ஜூன் 12 நினைவுக்கு வரும். அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, 1971 ரேபரேலித் தேர்தலில் பிரதமர் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். ராஜ் நாராயணை அவர் 1,11,810 வாக்குகள் வேறுபாட்டில் வென்றிருந்தார். மெய்ப்பிக்கப்பட்டவையாக நீதிபதி ஏற்றவை இரண்டே. அரசுப் பணியிலிருந்து முறைப்படி விலகுமுன்னரே யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது ஒன்று. மாநில அரசு அதிகாரிகளைக் கொண்டு மேடை அமைத்து, ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் பெற்றது மற்றொன்று. மேடைக்கும் மைக்குக்குமாகவா ஒரு பிரதமர் பதவி இழப்பது என்று கேட்டவர்கள் அன்று பலர். அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தியது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வெற்றி செல்லும் என்றது. இடையில் வந்த நெருக்கடி நிலையை நான் சொல்லத் தேவையில்லை.

மேடை இல்லாவிட்டாலும் அவர் வென்றிருப்பார் என்பது உண்மையாக இருக்கலாம். என் பெஞ்சுகளாலும் ஒரு வாக்குக்கூட மாறியிராது. ஆனால் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளர் அரசு ஊழியரின் உதவியைத் தேர்தலுக்காகப் பெறுவதையே முறைகேடு என்கிறது. அதனால் எத்தனை வாக்கு கிடைத்தது என்று கேட்பதில்லை. தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளில் ஆளும் கட்சிக்கென்றே ஒரு பகுதி உண்டு. அரசு வண்டிகளைப் பிரசாரத்திற்குப் பயன்படுத்தலாகாது. பொதுத் திடல்களையும் ஹெலிகாப்டர் இறங்குதளங்களையும் ஆளும் கட்சி தனக்கே வைத்துக்கொள்ளாமல், அதே நிபந்தனைகளில் பிற கட்சிகளுக்கும் விட வேண்டும். இவை என்னைப் போன்ற பள்ளி ஆசிரியரை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல. ஆயினும், 'அதே நிபந்தனைகளில்' என்பதைப் படித்தபோது அந்த இளைஞனின் முகமே எதிரில் வந்து நின்றது.

நியமன ஒப்புதல்கள் இரண்டும் தேர்தலுக்குப் பின் வந்து சேர்ந்தன. பெஞ்சுகளால் வந்தனவா, தம் முறைப்படி வந்தனவா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. திரும்பி வந்த பெஞ்சுகளில் இரண்டு கால் ஒடிந்திருந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஒரு மாதம் தரையில் அமர்ந்தார்கள்.

சென்ற தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தின்போது இதைச் சொன்னேன். பங்குத் தந்தை சிறிது நேரம் பேசாதிருந்து, "ஈடு செய்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். மறுவாரமே தச்சரை அழைத்து, என் ஓய்வூதியத்தில் இரண்டு புதிய பெஞ்சுகள் செய்து பள்ளிக்குக் கொடுத்தேன். ஏன் கொடுக்கிறேன் என்று இப்போதைய தலைமையாசிரியருக்குச் சொல்லவில்லை.

அந்த இளைஞனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பங்குத் திருவிழாவில் தேரருகே என்னைக் கண்டதும், வழக்கம்போலக் கைகூப்பி, "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" என்றான். சொல்லிவிட வேண்டும் என்று அவன் கையைப் பற்றினேன். அதற்குள் தேர் நகர்ந்தது. அவன் வடம் பிடிக்கப் போய்விட்டான்.